குளக்கரை நடைபாதை: கேட்பது சலுகையல்ல, உரிமை!

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரை மாறிவிட்டது. சாக்கடை நாற்றத்துக்கும் ஆகாயத்தாமரைக்கும் பேர்போன குளம் அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மக்கள் கடந்துபோன கரையில் இன்று நடைபாதை இருக்கிறது. சைக்கிள் பாதை இருக்கிறது. விளக்குகளும் இருக்கைகளும் இருக்கின்றன. பக்கத்து வாலாங்குளத்திலும் இதே மாற்றம். மாலையானால் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஊர்ப் பணத்தில் ஊருக்கு ஒரு நல்ல காரியம் நடந்தால் அதைக் குறை சொல்வது நம் வேலையல்ல.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். இந்தப் பாதை யாருக்கு?

'பொதுமக்களுக்கு' என்று பதில் வரும். யார் அந்தப் பொதுமக்கள்? இரண்டு காலும் திடமாக உள்ள வாலிபர்கள் மட்டும்தானா? போலியோவில் கால் சூம்பிப்போன சகோதரர், சர்க்கரை நோயால் பாதத்தை இழந்த வியாபாரி, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த அத்தா, கைத்தடி ஊன்றி நடக்கும் நன்னிமா, பார்வையற்ற கல்லூரி மாணவி, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய் - இவர்களெல்லாம் பொதுமக்கள் கணக்கில் வரமாட்டார்களா?

ஒரு நடைபாதை நல்ல பாதையா என்பதை அளக்க டைல்ஸின் பளபளப்பு அளவுகோல் ஆகாது. செல்ஃபி எடுக்கும் கூட்டமும் அளவுகோல் ஆகாது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், யாருடைய தயவும் இல்லாமல், பேருந்து நிறுத்தத்திலிருந்து கரைக்கு வந்து, காற்று வாங்கி, கழிப்பறைக்குப் போய்த் திரும்பி, நிம்மதியாக வீடு போய்ச் சேர முடிகிறதா? முடிந்தால் அது பொதுப் பாதை. முடியாவிட்டால் அது சிலருக்கு மட்டும் போடப்பட்ட பாதை. இதுதான் நாம் சொல்ல வரும் ஒரே விஷயம்.

ஊர்ச் சொத்து

கோவையின் குளங்கள் இன்று நேற்று வந்தவையல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து வரும் நொய்யலின் தண்ணீரை வாய்க்கால் வழியாகத் திருப்பி, ஒன்று நிறைந்தால் அடுத்தது நிறையும்படி சங்கிலிபோல் அமைத்துவிட்டுப் போனார்கள் முன்னோர். முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று ஊருக்குள்ளேயே தொடர்கிறது அந்தச் சங்கிலி. ஊர் வளர்ந்தது, வயல் போனது, குளங்கள் கழிவுநீர்த் தொட்டிகளாயின.

பிறகு ஊர் விழித்துக்கொண்டது. 2013 கோடையில் பெரியகுளம் வற்றிக் கிடந்தபோது, சாதி மதம் பாராமல் தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கித் தூர்வாரினார்கள். 2016 ஜனவரியில் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தின் முதல் 20 நகரங்களின் பட்டியலில் கோவையும் இடம்பெற்றது. குளக்கரைச் சீரமைப்பு அதில் பெரிய வேலையாக நடந்தது. அந்தத் திட்டமே 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இனி அந்தக் கரைகளைப் பராமரிக்க வேண்டியதும், விட்டுப்போனதைச் சரிசெய்ய வேண்டியதும் மாநகராட்சியின் பொறுப்பு.

ஆக, இந்தக் குளம் அரசாங்கம் நமக்குப் போட்ட பிச்சையல்ல. மக்கள் வேர்வையும் மக்கள் வரிப்பணமும் சேர்ந்த சொத்து. கடையில் ஒரு சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோம். ஊன்றுகோலோடு வந்து சோப்பு வாங்குகிறவரிடம் யாரும் வரியைக் குறைத்துக்கொள்வதில்லை. வரி வாங்கும்போது எல்லோரும் சமம், பாதை போடும்போது மட்டும் சிலர் விடுபட்டுப் போவதா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உக்கடமும் கோட்டைமேடும் 1997 நவம்பர் கலவரத்தையும், 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளையும், அவற்றுக்குப் பின் வந்த கசப்பான ஆண்டுகளையும் கண்ட பகுதிகள். ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகத் தயங்கிய காலம் அது. அப்படிப்பட்ட ஊரில், எந்தத் தெரு, எந்தப் பேர் என்று கேட்காமல் எல்லோரும் தோளோடு தோள் உரசி நடக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதன் அருமை நமக்குத் தெரியும். ஒதுக்கப்படுவதன் வலி தெரிந்தவர்கள் நாம். அதனால்தான் அந்தப் பாதையில் இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் ஒதுக்கப்படுவதை நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது.

'அவர்கள் எங்கே வருகிறார்கள்?'

இந்த விஷயத்தைப் பேசினால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. 'வீல்சேரில் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? இரண்டு பேருக்காக இவ்வளவு செலவா?'

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு சொல்வதைப் பாருங்கள். நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். அப்போது சட்டம் ஏற்றுக்கொண்ட ஊன வகைகள் 7. பின்னால் வந்த சட்டம் அதை 21 ஆக்கியது. அப்படியானால் உண்மைக் கணக்கு எவ்வளவு கூடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேர் இருந்தும் தெருவில் ஏன் தென்படவில்லை? வழியில்லை, அதனால் வரவில்லை. வரவில்லை, அதனால் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லை, அதனால் வழி போடவில்லை. இப்படி ஒரு சுழலுக்குள் அவர்களைத் தள்ளிவிட்டு, 'அவர்கள் எங்கே வருகிறார்கள்' என்று கேட்பது, கதவைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லையே என்று வருத்தப்படுவது போலிருக்கிறது.

அதுமட்டுமல்ல. இது 'அவர்கள்' பிரச்சினை என்று நினைப்பதே தவறு. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டது. காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்து மூடும்வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் வியாபாரிகளுக்கு இந்த நோயைப் பற்றி விளக்கவே தேவையில்லை. கல்லாப் பெட்டியில் பில் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டையும் இருக்கிறது. டாக்டர் சொல்வது என்ன? 'நடங்கள்.' உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சர்க்கரை முற்றினால் முதலில் அடிவாங்குவது பாதம். உணர்ச்சி குறைகிறது, சின்னக் கல் தடுக்கினாலும் புண், புண் ஆறாவிட்டால் விரல் போகிறது, பிறகு கால் போகிறது. கண்ணும் மங்குகிறது. அதாவது, நடந்தே ஆகவேண்டிய மனிதருக்குத்தான் மேடுபள்ளமில்லாத, தடுக்காத, கைப்பிடி உள்ள பாதை அவசியம். இன்று துள்ளி நடக்கும் நாமும் வயதானால் அந்த வரிசையில்தான் நிற்கப்போகிறோம். மாற்றுத் திறனாளிக்காகப் போடும் பாதை, நாளைய நமக்கான பாதை.

சட்டம் என்ன சொல்கிறது?

பலர் இதைக் கருணை விஷயமாக, தர்ம காரியமாகப் பார்க்கிறார்கள். இல்லை. சட்டம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு தலைமுறையாக இருக்கிறது.

1995-இல் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. நடைபாதைகளில் சக்கர நாற்காலி ஏறி இறங்கச் சரிவு அமைக்கவேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் கூடவே ஒரு வாலும் ஒட்டியிருந்தது: 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று. அந்த வாலைப் பிடித்துக்கொண்டே இருபது ஆண்டுகளை ஓட்டினார்கள்.

2010-இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத் திறனாளிகள்' என்றது. பெயர் மாறியது நல்லதுதான். பெயர் மாறிய வேகத்தில் படிக்கட்டுகள் மாறவில்லை!

பிறகு வந்தது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தைவிடப் பல மடங்கு வலுவானது. பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று அது சொல்கிறது. பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று விளக்கும்போது அரசாங்கக் கட்டடத்தோடு அது நிற்கவில்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடம், வணிகம் நடக்கும் இடம், வழிபாட்டு இடம், பொழுதுபோக்கு இடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. தடையற்ற வசதிக்கான விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக்கூடாது என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இதற்குமேல் உச்ச நீதிமன்றமும் பேசிவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பில், தடையற்ற வசதி பற்றிய மத்திய அரசின் 15(1)-ஆவது விதி வெறும் பரிந்துரைபோல இருக்கிறது, அது சட்டத்துக்கே முரண் என்று நீதிமன்றம் சொன்னது. கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய அடிப்படை விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி உத்தரவிட்டது. 'செய்தால் நல்லது' என்ற காலம் போய்விட்டது. 'செய்தே தீரவேண்டும்' என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இத்தனையும் இருந்தும் கேட்பதற்கு ஆளில்லை என்றால் சட்டம் என்னவாகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டத்தைக் கறியாக்கவேண்டியது மக்களின் வேலை.

டேப்பை எடுங்கள்!

இளைஞர்களே! உங்கள் ஊர்க் குளக்கரை சட்டப்படி இருக்கிறதா என்று பார்க்க என்ஜினீயர் பட்டம் வேண்டாம். ஓர் அளவு டேப் போதும். எதை எதை அளப்பது?

முதலில் நுழைவாயில். பைக் உள்ளே வரக்கூடாது என்பதற்காகப் பல ஊர்களில் வாயிலில் நெருக்கமாகத் தூண் நடுகிறார்கள். அல்லது வளைந்து நெளிந்து போகும் கம்பித் தடுப்பு வைக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும் என்பது உண்மை. அப்படியானால் வாயிலில் நிற்கவேண்டியது காவலாளி. பைக்கைத் தடுக்கிறோம் என்று மனிதரைத் தடுப்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்து சரிவு. குளக்கரை சாலையைவிட உயரமானது. அதனால் கரைக்கு ஏறும் இடம்தான் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது கணக்கு. ஆறு அடி உயரக் கரை என்றால் 72 அடி நீளம் வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் கூடாது. முப்பது அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேண்டும். இரு பக்கமும், இரண்டு உயரங்களில் கைப்பிடி வேண்டும். இடமில்லை என்று பத்தடியில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சறுக்கலைக் கட்டிவிட்டு 'ராம்ப்' என்று பேர் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அதில் சக்கர நாற்காலி ஏறினால் பின்னால் குடை சாயும். அது வசதியல்ல, விபத்துக்கு விரித்த வலை.

மூன்றாவது, தரை. பெயர்ந்து ஆடும் சிமெண்ட் கற்கள், மூடி உடைந்த சாக்கடைக் குழி, ஓர் அங்குலம் எழும்பி நிற்கும் விளிம்பு - இவைதான் ஊன்றுகோலின் எதிரிகள். தரையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரமில்லை. பார்வையற்றவருக்கான எழுத்து அது. நீளக் கோடு என்றால் 'தொடர்ந்து போ'. புள்ளி என்றால் 'நில், கவனி'. அந்த எழுத்தின் பொருள் தெரியாமல் பதித்தால், கோடு நேரே போய் ஒரு மரத்திலோ மின்கம்பத்திலோ முட்டி நிற்கும். பார்வையற்றவரை நம்பவைத்து ஏமாற்றுவதற்குச் சமம் அது. தண்ணீர்ப் பக்கம் தடுப்பு இருக்கிறதா, கைத்தடிக்குத் தட்டுப்படும்படி விளிம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நான்காவது, கழிப்பறை. சக்கர நாற்காலி உள்ளே நுழைந்து திரும்பும் அளவு இடமும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் வேண்டும். கட்டியிருந்தால் மட்டும் போதாது, திறந்திருக்க வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கான கழிப்பறையைப் பூட்டி வைத்து, துடைப்பமும் பினாயிலும் போட்டு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் சர்வசாதாரணம். பெண்கள் மாலையில் வெளியே வரத் தயங்குவதற்கும் கழிப்பறையும் விளக்கும் இல்லாததே பாதிக் காரணம்.

ஐந்தாவது, வண்டி நிறுத்தம். தமிழக அரசு மாற்றுத் திறனாளிகளுக்குப் பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த வண்டியில் வருகிறவர் வாயிலிலிருந்து எட்டத்தில் நிறுத்திவிட்டுத் தவழ்ந்தா வருவார்? வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கவேண்டும் என்பது விதிமுறை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

கரையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கரை வரைக்கும் எப்படிப் போவது?

இங்கேதான் நாம் நம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். பேருந்து நிலையத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் குளத்துக்குப் போகும் வழியில் இருப்பவை கடைகள். அவற்றில் கணிசமானவை நம்முடையவை. கடையின் படி நடைபாதையில் இறங்கி நிற்கிறது. விளம்பரப் பலகை நடைபாதையில் நிற்கிறது. சரக்கு மூட்டை, காலி டிரம், பழைய பிரிட்ஜ், கடைக்காரரின் பைக் எல்லாம் நடைபாதையில். நல்ல காலுள்ளவர் சாலையில் இறங்கிப் போய்விடுகிறார். சக்கர நாற்காலிக்காரரும் பார்வையற்றவரும் எங்கே இறங்குவார்கள்? லாரிக்கும் பேருந்துக்கும் நடுவிலா? அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் விரல் நம் கடை வாசலையும் ஒரு முறை சுட்டிக்காட்டட்டும்.

இதைச் சொன்னால் சிறு வியாபாரியின் வயிற்றில் அடிக்கிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். தள்ளுவண்டிக்காரரும் கூடைக்காரியும் பிழைக்கத்தான் வேண்டும். அவர்களுக்காகவே 2014-இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுப்பு, அடையாளச் சான்று, விற்பனைக்கென்று ஒதுக்கிய இடம், வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உட்காரும் நகர விற்பனைக் குழு என்று அதில் ஏற்பாடு இருக்கிறது. குளக்கரைக்குப் பக்கத்தில் முறையாக இடம் ஒதுக்கினால் சுண்டல்காரருக்கும் பிழைப்பு; பாதையும் அடைபடாது. ஓர் ஏழையின் உரிமையை இன்னோர் ஏழையின் உரிமையோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நிர்வாகமல்ல.

கடைக்காரர்கள் செய்யவேண்டியதும் பெரிய காரியமில்லை. ஒரே ஒரு படி உள்ள கடைக்குக் கழற்றி வைக்கக்கூடிய ஒரு சரிவுப் பலகை போதும். வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் லாபம்தான். வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால், அவரை உள்ளே அழைத்துவர முடியாத கடைக்கு அந்தக் குடும்பமே வராது. அவர் ஏறிவரும் கடைக்குக் குடும்பமே வரும். நம் பள்ளிவாசல் வாசலையும், நம் சமுதாயத்தின் திருமண மண்டபப் படிகளையும், பள்ளிக்கூட மாடிகளையும் இதே டேப்பால் அளந்து பார்க்கலாம். ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் வீட்டைச் சரிசெய்துகொண்டால் நம் குரலுக்கு வலு கூடும்.

மறுப்புகளும் பதில்களும்

'செலவு அதிகம்' என்பார்கள். வரைபடத்திலேயே திட்டமிட்டால் செலவு கொஞ்சம்தான். கட்டி முடித்தபின் உடைத்துக் கட்டினால்தான் இரட்டைச் செலவு. சென்னை மெரினாவைப் பாருங்கள். கடல் அலையைப் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்ற மாற்றுத் திறனாளிகளின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, 2022 நவம்பர் 27 அன்று 1 கோடியே 14 லட்சம் ரூபாயில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. மணலில் சக்கரம் உருளாது என்பதால் கடலையே பார்க்காமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்த சென்னைவாசிகள் அன்று அலையருகே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் வந்த மாண்டஸ் புயல் பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பிறகு சீரமைத்தார்கள். இதில் பாடம் இரண்டு. கேட்டால் கிடைக்கும் என்பது ஒன்று. கட்டியதோடு வேலை முடியவில்லை, பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்பது மற்றொன்று.

'குளம் பறவைகளுக்கானது, எல்லா இடத்திலும் சிமெண்டைக் கொட்டலாமா?' என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குளம் குளமாக இருக்கவேண்டும். அலங்காரத் தொட்டியாகிவிடக் கூடாது. தடையற்ற பாதை என்றாலே கான்கிரீட் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கெட்டிப்படுத்திய சமமான மண்பாதையிலும் சக்கரம் உருளும். பறவைகள் கூடு கட்டும் பகுதியை விட்டுவிட்டு, மனிதர் போகும் பகுதியை மட்டும் எல்லோருக்கும் உகந்ததாக அமைத்தால் போதும். பார்வையற்ற ஒருவர் கரையில் உட்கார்ந்து பறவைச் சத்தம் கேட்பதால் எந்தப் பறவைக்கும் கஷ்டமில்லை.

'சமுதாயத்துக்கு எத்தனையோ பெரிய பிரச்சினை இருக்க, வாக்கிங் பாதையைப் பற்றி எழுத வந்துவிட்டீர்களா?' என்று நம்மவர்களே சிலர் கேட்கலாம். வேலையும் கல்வியும் பாதுகாப்பும் பெரிய பிரச்சினைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டை விட்டு வெளியே வரமுடியாத மனிதருக்கு வேலை ஏது, கல்வி ஏது? வாசற்படிதான் அவருடைய முதல் பிரச்சினை. தனக்காக மட்டும் உரிமை கேட்கும் சமுதாயத்தை ஊர் சுயநலக் கூட்டம் என்று சொல்லும். எல்லோருக்காகவும் கேட்கும் சமுதாயத்தை ஊர் தன் குரலாகவே ஏற்றுக்கொள்ளும்.

கரையை விட்டுப் போனவர்கள்

குளக்கரை அழகானதைப் பேசும்போது மறந்துவிடக்கூடாத இன்னொரு கூட்டம் உண்டு. இந்தக் குளங்களின் கரைகளில் பல ஆண்டுகள் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள். நகரத்தைக் கூட்டிப் பெருக்கியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள். கரையை மீட்கும்போது அவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று நகரத்தின் ஓரத்திலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நீர்நிலை காக்கப்படவேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களிலும் முதியவர்கள் உண்டு, மாற்றுத் திறனாளிகள் உண்டு. அவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு கிடைத்ததா? மருத்துவமனைக்கு வர ஏறக்கூடிய பேருந்து இருக்கிறதா? வேலைக்கு வந்துபோகும் செலவு தாங்குகிறதா? கரையில் நடப்பவர்களுக்கு ஒரு நியாயம், கரையை விட்டுப் போனவர்களுக்கு ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது. அவர்கள் காலி செய்து கொடுத்த இடத்தில்தான் நாம் காற்று வாங்குகிறோம்.

என்ன செய்யலாம்?

பேசியது போதும். செய்யக்கூடியதைப் பட்டியல் போடுவோம்.

ஒன்று: ஐந்தாறு இளைஞர்கள் சேருங்கள். உங்கள் பகுதியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் உங்களோடு வரும்படி அழையுங்கள். அவர்களுக்காக நீங்கள் பேசவேண்டாம். அவர்கள் பேசட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். எங்கே சிக்குகிறது என்று எந்த அதிகாரியைவிடவும் அவர்களுக்குத்தான் தெரியும். பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கிக் கரையைச் சுற்றி வாருங்கள். அளந்து எழுதுங்கள். போட்டோ எடுங்கள்.

இரண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. குளக்கரைத் திட்டத்தின் வரைபடம், சரிவுப் பாதைகளின் அளவு, மாற்றுத் திறனாளி வசதிக்கு ஒதுக்கிய தொகை, பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு - இந்த நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். காகிதத்தில் இருப்பதும் கரையில் இருப்பதும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள்.

மூன்று: குறைகளைப் பட்டியலிட்டு மாநகராட்சி ஆணையரிடமும் வார்டு கவுன்சிலரிடமும் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாநில மாற்றுத் திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். விசாரணைக்கு ஆளை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது.

நான்கு: வியாபாரிகள் சங்கம் தன் தெருவில் ஒரு நாளைக் குறித்து நடைபாதையைக் காலி செய்து காட்டட்டும். யாரும் வந்து இடிக்கும்வரை காத்திருக்கவேண்டாம். நாமே எடுத்தால் மரியாதை. அவர்கள் வந்து எடுத்தால் அவமானம்.

இது கோவைக்கு மட்டும் சொன்னதல்ல. இன்று ஊருக்கு ஊர் ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் நடைபாதை போடுகிறார்கள். உங்கள் ஊரில் பூமி பூஜைக்கு நாள் குறித்த உடனேயே போய் வரைபடத்தைக் கேளுங்கள். சிமெண்ட் இறுகும் முன் கேட்டால் ஒரு பென்சில் கோட்டில் மாறும். இறுகிய பிறகு கேட்டால் கடப்பாரை வேண்டும்.

நான்கு அங்குலம் உயர்ந்த ஒரு விளிம்புக் கல் நமக்குக் கண்ணுக்கே தெரிவதில்லை, தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு மனிதருக்கு அதுவே கோட்டைச் சுவர். அந்தக் கல்லைப் பெயர்க்க வைப்பது பெரிய புரட்சியல்ல. ஆனால் அதற்குப் பிறகு பத்து வருடமாக வீட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் குடும்பத்தோடு குளக்கரைக்கு வருவார். அவர் வருவதுவரை அது பொதுப் பாதையல்ல என்று உரக்கச் சொல்வோம். வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!